பட்டமும் பட்டதாரியும்

ஜொகூர் மாநிலத்துத் தமிழர் இல்லங்களில், பல்கலைக்கழகப் படிப்பை முடித்த பிள்ளையைப் 'பட்டம் வாங்கிவிட்டான்' என்கின்றனர். அம்மாநிலத்துப் பாசிர் கூடாங் நகரம் உலகக் காற்றாடித் திருவிழாவுக்குப் பெயர்போனது. அங்கே விண்ணில் விடுவதும் பட்டமே. இவ்வொற்றுமையை வேடிக்கையென விட்டுவிடலாம். நாம் விட விரும்பாதது அச்சொல்லின் பழைய பொருளை.

பட்டமாவது நெற்றியில் கட்டிய பொற்றகடு. அரசர்க்குக் கட்டினர், கோயில் யானைக்கு இன்றும் கட்டுகின்றனர். வெள்ளையர் ஆட்சியில் ராவ்பகதூர் பட்டம் வந்தது. பெயருக்குப் பின்னே ஒட்டிய சாதிப்பெயரும் பட்டமே. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதனைக் கைவிடச் சொல்லிற்று. கைவிட்ட இடத்தில் பலர்க்குப் பி.ஏ.யும் எம்.ஏ.யும் வந்தமர்ந்தன! ஒருவனைத் திருடனென்று பழித்தாலும் 'பட்டம் கட்டினர்' என்கின்றோம். புகழோ பழியோ, பிறர் கட்டிவிடுவது பட்டம். கட்டப்பட்டவனுடைய உழைப்பு அச்சொல்லில் இல்லை.

அதே ஜொகூரில், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவர்க்கு அளிப்பதை மலாய் மொழியில் 'இஜாசா' என்பர். அரபியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு அனுமதி என்பது பொருள். ஒரு நூலைத் தம்மிடம் பாடங்கேட்ட மாணவனுக்கு, 'இனி நீ இதனைப் பிறர்க்குக் கற்பிக்கலாம்' என்று ஆசிரியர் தந்த இசைவு அது. ஆங்கிலத்தார் கூறும் 'டிகிரி'யோ, மூலத்தில் படி என்று பொருள்படும். இன்றைய மலாய் மாணவன் இதையெல்லாம் நினைந்தா தாளை வாங்குகின்றான் என்று கேட்பீர்கள். நினையான்தான். ஆயினும் அவன் சொல்லில் அடுத்தவனுக்கு ஓர் இடமிருக்கிறது. நம் சொல்லில் நெற்றி மட்டுமே இருக்கிறது.

நமக்கும் நல்ல சொல் இல்லாமலில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'கல்வித்தகுதி' என்றே எழுதுகின்றோம். தகுதியை ஒருவன் தானே அடையவேண்டும். ஆனால் மேடையேறியதும் அதே தாள் பட்டமாகி, அதற்குரியவன் பட்டதாரியாகிவிடுகின்றான். தாரி என்றால் தரித்தவன். வேடதாரியிலும் அந்தத் தாரியே இருக்கிறான்.

ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்தோர் உண்டு. அன்னாரது இல்லத் திருமண அழைப்பிதழில் அவ்வெழுத்துகள் அச்சேறுவதை நாம் குறைகூறோம். அவர் பட்ட பாடு அத்தகையது. நமது வருத்தமெல்லாம், அழைப்பிதழைப் படித்துவிட்டு 'மாப்பிள்ளை பட்டதாரியாம்' என்று மகிழ்கிறவர்கள், அவன் கற்றது பொறியியலா, வேளாண்மையா, வரலாறா என்று ஒரு வார்த்தையேனும் கேளாமல் பந்திக்கு எழுந்துவிடுகின்றார்களே என்பதுதான்.