பல பெயரும் அரைப் பேரும்

கண்டிச் சந்தையருகே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம், 1947இல் விபத்தில் மாண்ட மகனின் நினைவாக ஒரு தந்தை எழுப்பியது, 1950இல் திறந்துவைக்கப்பட்டது. அதை அண்ணாந்து பார்த்து நேரம் அறிய எவரும் காசு கொடுப்பதில்லை. கைக்கடிகார விளம்பரங்களோ நேரத்தை அல்ல, அந்தஸ்தையே விற்கின்றன. விளம்பரமும் இக்காலத்து இலக்கியமே. ஆகவே அதனையும் விமர்சன உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம் கடன்.

பிரெகே, ஒமேகா, லொஞ்சின், றாடோ, டிசோ, ஸ்வொட்ச் என ஒவ்வொன்றும் தனித்தனிக் குலப்பெருமை பேசுகின்றன. எல்லாமே சுவிற்சர்லாந்தின் ஸ்வொட்ச் குழுமம் என்னும் ஒரே வீட்டின் உடைமை. நலிந்துபோன இரு நிறுவனங்களின் 1983ஆம் ஆண்டு இணைப்பில் பிறந்தது அக்குழுமம். குவார்ட்ஸ் கடிகாரங்களின் போட்டியால் பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்த காலம் அது. 51 உறுப்புகளே கொண்ட பிளாஸ்டிக் கடிகாரத்தை மலிவாகச் செய்து அத்தொழிலை நிமிர்த்தியது மெய்யான சாதனை, அதை மறுப்பதற்கில்லை. நம் வழக்கு வேறு. டிசோவுக்குள்ளும் லொஞ்சினுக்குள்ளும் ஓடும் பொறிகள் அதே குழுமத்தின் ஈட்டா தொழிற்சாலையில் உருவாகின்றன. அவற்றைச் செய்யும் கைகளை விளம்பரம் காட்டுவதில்லை. பெயரை மட்டும் காட்டி, வாங்குவோரைப் படிப்படியாகப் பிரிக்கிறது.

இந்தப் பெயர் வித்தை மலையகத்துக்குப் புதிதன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிச் சீமையின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கடல் கடந்ததும் எத்தனையோ வணிகப் பெயர்களைச் சூடிக்கொண்டது. கொழுந்தெடுத்தவளின் பெயரோ செக்றோலோடு நின்றது. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அதுவும் 'அரைப் பேர்'. ஒரு மனுஷியின் நாள் பாதியாக வெட்டப்படுவதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியுமா? அச்சொல்லைப் படைத்தவர்கள் தோட்டத்து மக்களே.

சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையில் விடியலே பறையொலியால் அதிர்ந்து எழுகிறது. அங்கே விடியலுக்கும் ஓர் எசமான் உண்டு என்பதை நாம் உணர்கிறோம். கடிகார விளம்பரம் மறைப்பதை அக்கவிதை வெளியே கொண்டுவருகிறது. அதுவே அதன் பெருமை.

ஆனால் அத்தோடு நம் இலக்கியம் ஓய்ந்துவிடலாகாது. பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர், 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது. அப்போது பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோக் கணக்கும் உயர்த்தப்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை தராசில் வைத்துப் பறித்துக்கொண்டது. இந்தக் கணக்கைக் கதையாகவும் கவிதையாகவும் மக்கள்முன் வைப்பவர்கள் யார்? கடிகாரத்தின் அழகைப் பாடுவோர் பாடட்டும். அரைப் பேர் முழுப் பேராகும் நாளுக்காக எழுதுவதே நம் எழுத்தாளர்களின் பணி.