‘போதும்’ என்று சொல்லும் உரிமை

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கராத்தே தெரியும். பிரேசிலிய ஜியு-ஜிட்சு பெரும்பாலும் கைப்பேசித் திரையில் பார்த்த பழக்கம்தான். அது கொழும்பைத் தாண்டி மலையேறி வருவதற்கு முன்பே, அதன் பலத்தையும் குறையையும் தோட்டப்புற வாழ்க்கையோடு வைத்து எடைபோட்டுவிடுவது நல்லது.

1882இல் கானோ ஜிகோரோ டோக்கியோவில் தொடங்கிய ஜூடோதான் இதன் தாய். 1914இல் பிரேசிலுக்குப் போன மித்சுயோ மயேதாவிடமிருந்து அங்குள்ள கிரேசி குடும்பத்துக்கு வித்தை கிடைத்தது. அவர்கள் தரையில் புரண்டு மடக்கும் பிடிகளைப் பெருக்கினார்கள். இதில் குத்தும் உதையும் கிடையாது. மூட்டைப் பூட்டுவதும் கழுத்தை நெரிப்பதும்தான் ஆட்டம். சிக்கியவர் எதிராளியின் உடம்பில் கையால் தட்டினால், அந்தக் கணமே பிடியை விட்டாக வேண்டும்.

இந்தத் தட்டுதான் கலையின் பெரிய பலம். காற்றில் குத்திப் பழகுகிறவருக்குத் தன் குத்து பலிக்குமா என்று தெரியாது. இங்கே எதிராளி முழுப் பலத்தோடு எதிர்க்கிறார். பிடி பலித்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடுகிறது. நிறுத்தும் உரிமை இருப்பதால் நாளையும் அதே இருவர் பழகலாம். தலையில் குத்து வாங்காமல் ஆண்டுக்கணக்கில் தேறலாம்.

ஆனால் தட்டினால் ஆபத்தில்லை என்பது பாதி உண்மைதான். கழுத்தின் இரத்தக் குழாய்கள் அழுந்தினால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பலாம். குதிகாலைத் திருகி முழங்காலைத் தாக்கும் பிடியில் வலி தெரிவதற்குள் மூட்டின் நார் அறுந்துவிடலாம். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனம் 2021இல்தான் அந்தப் பிடியை அனுமதித்தது. அதுவும் சீருடையில்லாப் போட்டிகளில், பழுப்பு, கறுப்புப் பட்டி பெற்ற வயதுவந்தோருக்கு மட்டும். ஆகவே வலிக்கும்வரை காத்திருக்காமல் தட்டுவதும், பிடிப்பவர் மெதுவாக இறுக்குவதும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

ஜூடோவிலிருந்து வந்த வீச்சுகளும் இதில் உண்டு; தூக்கி வீசப்படும்போது தட்டுவதற்கு நேரமே இல்லை. இதற்கு ஜப்பானே சாட்சி. 1983க்குப் பிந்தைய சுமார் 30 ஆண்டுகளில் அந்நாட்டுப் பாடசாலை ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்ததை ஆய்வாளர் ரியோ உச்சிதா கணக்கெடுத்துக் காட்டினார். பெரும்பாலும் தலைக்காயம்தான் காரணம். வெற்றி வெறி சிறுவர்களைக் கெடுக்கிறது என்று சொல்லி, 2022இல் அந்நாட்டு ஜூடோ சம்மேளனம் ஆரம்பப் பாடசாலை மாணவருக்கான தேசியப் போட்டியையே நிறுத்தியது. கலை பிறந்த நாட்டிலேயே ஆசிரியரின் அழுத்தமும் போட்டி ஆசையும் விதிகளை மீறின என்றால், நாம் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை.

பட்டி முறையிலும் இரண்டு முகம் உண்டு. ஜியு-ஜிட்சு சம்மேளன விதிப்படி 16 வயதுக்கு முன் நீலப் பட்டி இல்லை. 19க்கு முன் கறுப்புப் பட்டி இல்லை. நீலத்திலேயே பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். கறுப்புப் பட்டிக்குப் பலருக்கும் பத்தாண்டு ஆகிறது. காசு கட்டிச் சில மாதங்களில் பட்டி வாங்கும் வகுப்புகளைப் பார்த்த நமக்கு இந்த நிதானம் பிடிக்கும். ஆனால் பட்டியைக் கொடுப்பது ஒரே மாஸ்டரின் கை. அவர் முகம் சுளிப்பாரோ என்று அஞ்சும் மாணவர் தட்டத் தயங்குவார். முரடரோடு பழக மாட்டேன் என்று சொல்லவும் மாட்டார். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மேலே மேலே ஆட்களைப் பார்த்து, மறுபேச்சுப் பேசாமல் வளர்ந்த தோட்டச் சமூகத்தில் இந்தத் தயக்கம் இன்னும் ஆழமானது.

காயத்தின் விலையும் இங்கே வேறு. சீருடைத் துணியை இறுகப் பிடித்துப் பிடித்து விரல் மூட்டுகள் வீங்குவது இந்தக் கலையில் சாதாரணம். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு தொல்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ விரல்தான் வருமானம். பறித்த கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி; மலையேற முழங்கால் விடாவிட்டால் அந்தப் பேரும் இல்லை. கழுவாத பாயிலிருந்து ஒருவருக்குத் தொற்றும் படர்தாமரை, லயத்தின் ஒரே அறையில் படுக்கும் குடும்பம் முழுவதற்கும் பரவும். நகரத்துக் கூடங்களின் வழக்கம் அப்படியே தோட்டத்துக்குப் பொருந்தாது.

இவ்வளவையும் மீறி இந்தக் கலை வர வேண்டும் என்பதே என் முடிவு. உடல் சிறிய ஒரு பெண் பெரிய ஆளைக் கட்டுப்படுத்தக் கற்பதும், மேலே இருப்பவரிடம் ‘போதும்’ என்று சொல்லிப் பழகுவதும் தோட்டத்துக்குத் தேவையான கல்வி. ஆனால் சில நிபந்தனைகள் வேண்டும்: முதல் மாதங்களில் விழப் பழகுவதும் தட்டப் பழகுவதும் மட்டும்; சிறுவருக்கு வீச்சும் கால் திருகலும் வேண்டாம்; ஒவ்வொரு வகுப்புக்கும் பின் பாயைக் கழுவ வேண்டும்; பிள்ளைகளின் வகுப்பில் பெற்றோர் உட்கார இடம் இருக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் மாஸ்டரின் பட்டி நிறத்தைக் கேட்பதற்கு முன், ஒரு மாணவர் தட்டியதும் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு மாலை இருந்து பாருங்கள். உடனே விடச் சொன்னால் சேருங்கள். தாங்கிக்கொள் என்று அதட்டினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.