சுழலாத பகுதி

2008-இல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஹாஸ்டலில் ஒரு அனிமேஷன் வீடியோ கைமாறிக்கொண்டே இருந்தது. துபாயில் வரப்போகும் ஒரு கோபுரம். 80 மாடி, 420 மீட்டர். ஒவ்வொரு மாடியும் தனித்தனியாகச் சுழலும். ஒரு கணம் தூண் மாதிரி நேராக நிற்கிறது, அடுத்த கணம் இடுப்பை வளைக்கிறது, அப்புறம் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்கிறது. டேவிட் ஃபிஷர் என்ற கட்டடக்கலைஞர் முன்வைத்த டைனமிக் டவர் அது. சும்மா சொல்லக்கூடாது, சொக்கிப்போய்விட்டோம். அன்று ராத்திரி நானும் அறை நண்பனும் அது எப்படிச் சுற்றும் என்று நோட்டில் வரைந்து வரைந்து பார்த்தோம்.

அந்தக் கோபுரம் இன்றுவரை எழும்பவில்லை. அதே ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்தது, அடுத்த ஆண்டு துபாய் கடனில் திணறியது என்பார்கள். உண்மைதான். ஆனால் துபாய்க்குப் பணம் திரும்பி வந்த பிறகும் அது எழும்பவில்லை. அதனால் அந்த வீடியோவையே ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அது எதைக் காட்டியது? எதைக் காட்டாமல் விட்டது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுழற்றுவது கஷ்டமான வேலை இல்லை. 1962-இல் சியாட்டிலில் ஸ்பேஸ் நீடில் திறந்தபோது அதன் சுழலும் உணவகத்தை ஒரு குதிரைத்திறன் மோட்டார்தான் சுற்றியது. எடையைச் சக்கரங்கள் மேல் சமமாகப் பரப்பிவிட்டால் உராய்வு மட்டும்தான் மிச்சம். ஆனால் அங்கே சுற்றியது சாப்பாட்டு மேசைகள் இருந்த வளையம் மட்டுமே. சமையலறை நகரவில்லை. ஜன்னலும் நகரவில்லை. ஜன்னல் திட்டில் பையை வைத்திருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும், நீங்கள்தான் போயிருப்பீர்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சுற்றும் பகுதியும் சுற்றாத பகுதியும் சந்திக்கும் இடம்தான் இந்தக் கட்டடங்களின் உண்மையான பிரச்சினை. மின்சாரத்தை அந்த இடத்தில் கடத்தலாம், ஸ்லிப் ரிங் இருக்கிறது. குடிநீரையும் அழுத்தத்தோடு சுழலும் இணைப்பு வழியாக அனுப்பிவிடலாம். கழிவுநீர்? அது அழுத்தத்தில் போவதில்லை, சரிவில் போகிறது. சுற்றிக்கொண்டே இருக்கும் குளியலறையிலிருந்து அசையாத குழாய்க்கு, கசியாமல், நாறாமல், அடைக்காமல், ஐம்பது வருஷம். அடைத்தால் யாராவது உள்ளே போய்ச் சரிசெய்ய இடம் வேண்டும். இப்படி ஒன்றல்ல, மாடிக்கு ஒன்று. தீ பிடித்தால் மாடிப்படி நடுத்தண்டில் இருக்கிறது. வீட்டின் வாசல் எந்தக் கோணத்தில் நின்றாலும் அதை அடைய வேண்டும். மாடிகளுக்கு இடையிலான இடைவெளியில் புகை ஏறாமல் தடுக்க வேண்டும். அந்த இடைவெளிகளில் காற்றாலைகளைப் படுக்கைவாட்டில் வைத்து, கட்டடத்துக்கு வேண்டிய மின்சாரத்துக்கு மேலேயே தயாரிப்போம் என்றும் சொன்னார்கள். தலைக்கு மேல் காற்றாலை ஓடும் படுக்கையறையில் தூங்குவது பற்றி வீடியோ ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது காற்று. வழக்கமான உயரக் கட்டடங்கள் பலவற்றில் வெளிவட்டத் தூண்களும் காற்றின் தள்ளலைத் தாங்கும். காலை அகட்டி நிற்பது மாதிரி. மாடிகள் சுற்றினால் வெளித்தூண் தரை வரை இறங்க முடியாது. 420 மீட்டரும் நடுத்தண்டை மட்டும் நம்பி நிற்க வேண்டும், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு. ஷாங்காய் டவரின் முறுக்கிய வடிவத்தைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் சோதித்து, காற்றின் சுமையைச் சுமார் 24 சதவீதம் குறைத்தார்கள். ஆனால் அது முறுக்கியபடியே அசையாமல் நிற்கும் கட்டடம், அதற்கு வடிவம் ஒன்றுதான். டைனமிக் டவரில் ஒவ்வொரு மாடிக்கும் நாலே நாலு நிலை என்று வைத்துக்கொண்டால்கூட, 80 மாடிக்கு வரும் வடிவங்களின் எண்ணிக்கை 49 இலக்க எண். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது; மோசமான சிலவற்றுக்குத் தாங்கும்படி கட்டி, மீதியைத் தடைசெய்வோம். தடைசெய்த நொடியில் 'உங்கள் வீடு, உங்கள் இஷ்டம்' என்ற வாக்குறுதி போய்விடுகிறது.

அந்த வாக்குறுதிதான் அதன் கவர்ச்சி என்று இப்போது நினைக்கிறேன். குரல் கொடுத்தால் வீடு திரும்பும் என்றார்கள். ஒரே மாடியில் நாலு குடும்பம் இருந்தால் யார் குரலுக்குத் திரும்பும்? மாடி முழுவதையும் வாங்கியவர் குரலுக்கு மட்டும்தான். அப்படியானால் அந்த நடனம் யாருடையது? எல்லாரும் அவரவர் இஷ்டத்துக்குத் திருப்பினால் வீடியோவில் பார்த்த அழகான அலை வராது. அந்த அலை வர வேண்டுமென்றால் ஒருவர் கையில் எல்லாருடைய வீடும் இருக்க வேண்டும். வீடியோ இரண்டையும் ஒரே மூச்சில் விற்றது.

நிஜமாகவே கட்டிய இரண்டைப் பார்ப்போம். பிரேசிலின் குரிதிபாவில் இருக்கும் சூயிட் வொலார்ட், 11 மாடி, ஒவ்வொன்றும் தனியாகச் சுற்றும். அதிலும் சமையலறை, குளியலறை எல்லாம் அசையாத நடுப்பகுதியில்தான். கூடமும் படுக்கையும்தான் வளையத்தில். தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் வீடுகள் பல ஆண்டுகள் ஆளில்லாமலே கிடந்தன.

இன்னொன்று, இத்தாலியில் வெரோனாவுக்கு அருகே வில்லா ஜிராசோலே. ஆஞ்செலோ இன்வெர்னிட்சி என்ற இன்ஜினியர் 1929-இல் தொடங்கி 1935-இல் தனக்காகக் கட்டி முடித்த வீடு. வட்ட அடித்தளத்தின் மேல் இரண்டு மாடி, ஒரே உடம்பாக, தண்டவாளத்தில் சக்கரங்கள் உருளச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 9 மணி 20 நிமிடம். பெயரின் பொருள் சூரியகாந்தி. வெயிலைப் பின்தொடர்வதற்காகச் சுற்றியது. காரணம் ஒன்று, அச்சு ஒன்று, இணைப்பும் ஒரே இடத்தில். அதில் ஒரு குடும்பம் வாழ்ந்தது.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு நானும் டெமோ செய்திருக்கிறேன். பட்டனை அழுத்தினால் திரை அழகாக மாறும். பின்னால் ஒன்றும் இருக்காது. கைதட்டினார்கள். பிறகு பின்னால் இருக்க வேண்டியதைக் கட்ட ஒரு குழு மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்தது. பொய் சொன்னதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. கஷ்டமான இடத்தைக் காட்டாமல் விட்டேன், அவ்வளவுதான்.

நண்பனோடு வரைந்த அந்த நோட்டு இப்போது இல்லை. ஆனால் என்ன வரைந்தோம் என்று ஞாபகம் இருக்கிறது: எண்பது வட்டங்கள், நடுவில் ஒரு கோடு. குழாய் ஒன்றுகூட வரையவில்லை.