ஒன்றேகால் முழத்தில் ஒரு கச்சேரி

புதிய தொலைக்காட்சிகளின் அழகெல்லாம் திரையோடு நின்றுவிடுகிறது. உடல் மெலிய மெலிய ஒலிபெருக்கிக்கு இருந்த இடமும் சுருங்கிவிட்டது. பெரும்பாலானவற்றில் அது அடிவிளிம்பில், தரையைப் பார்த்தபடி ஒடுங்கிக் கிடக்கிறது. அந்தக் குறையைப் பேசிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. அதைத் தீர்க்க வந்த சின்னஞ்சிறு சவுண்ட் பாரின் நயங்களைத்தான் கொஞ்ச நேரம் ஆற அமரப் பார்க்க ஆசை. பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

என் கண் போய் நிற்பது யமஹாவின் எஸ்ஆர்-சி20ஏ மீது. நீளம் 60 சென்டிமீட்டர். புதுவை நேரு வீதிப் பூக்காரம்மா முழங்கையை மடக்கி மல்லிகைச் சரத்தை அளப்பதுபோல் இதையும் அளந்தால், ஒன்றேகால் முழத்துக்குச் சற்றே மிகும். உயரமோ 6.4 சென்டிமீட்டர்தான். இந்த உயரத்தில்தான் எத்தனை அடக்கம்! திரையின் கால்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் நுழைந்து, படத்தின் அடியைத் தொடாமல், ரிமோட்டுக்குக் காத்திருக்கும் சிவப்புக் கண்ணையும் மறைக்காமல் ஒதுங்கிக்கொள்கிறது. (உங்கள் தொலைக்காட்சியின் கால் இடைவெளியை மட்டும் கடைக்குப் போகுமுன் அளந்துகொள்ளுங்கள்.)

இதைச் செய்தவர்களின் சின்னத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மூன்று இசைக்கவைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. நம்மில் பலருக்கு இந்தச் சின்னத்தை அறிமுகம் செய்தது ஆர்எக்ஸ் 100 பைக்தான். அதனால் இசைக்கவை கண்ணில் படுவதற்கு முன் காதில் புகைக்குழாய்ச் சத்தம் வந்துவிடுகிறது! ஆனால் வேர் இசையில்தான் இருக்கிறது. 1887இல் டொரகுசு யமஹா என்பவர் ஒரு பள்ளிக்கூடத்து ரீட் ஆர்கனைப் பழுதுபார்த்ததில் தொடங்கிய மரபு இது. நம்மூர் ஆர்மோனியத்துக்கு அந்த ஆர்கன் அக்காள் முறை. இன்று நமக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே அவர்கள் கீபோர்டும் கித்தாரும் செய்கிறார்கள். மோட்டார் சின்னத்தில் கவைகளின் நுனி வட்டத்தைத் தொடும்; இசைச் சின்னத்தில் வட்டத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கும். அந்த நூலிழை வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு சிறுபிள்ளைச் சந்தோஷம்.

இனி உள்ளே போவோம். குரலுக்கென்று 4.6 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு கூம்புகள், கீழ்ச்சுருதிக்கு 7.5 சென்டிமீட்டரில் ஒன்று. இவற்றோடு காந்தமும் இல்லாமல், மின்சாரமும் வாங்காமல் இரண்டு மென்தகடுகள். பெரிய கூம்பு அசையும்போது பெட்டிக்குள் அழுந்தும் காற்றே இவற்றைத் தள்ளுகிறது. இவை வெளியே இருக்கும் காற்றைத் தள்ளுகின்றன. வீணாய்ப் போகவிருந்த மூச்சு மிருதங்கத்தின் தொப்பியாக மாறிவிடுகிறது. இந்தச் சிக்கன நேர்த்திக்காகவே அறையின் மூலையில் தனிப்பெட்டியாக உட்கார்ந்து உறுமும் சப் வூஃபரை நான் வாங்காமல் விட்டுவிடுகிறேன். இடியும் குண்டுவெடிப்பும் மார்பில் மோதவேண்டும் என்பவர்கள் அதை வாங்கட்டும். எனக்குக் குரல் வேண்டும்.

குரல் என்றால் நம் தமிழ்க் குரல். உயிரெழுத்துகள் எந்த ஒலிபெருக்கியிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். மெய்கள்தான் மென்மையானவை. லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியாகத் தெரிவது ஆயிரம் முதல் நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய பட்டையில் நடக்கும் நுண்ணிய நாடகம். நாக்கு வளைந்து ழகரம் பிறக்கும் கணத்தில் அங்கே ஓர் அதிர்வுச் செறிவு சட்டென்று கீழே இறங்கும். அந்த இறக்கத்தை மழுப்பாமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஒரு பெட்டியின் குலப்பெருமை. இந்த யமஹாவில் ‘கிளியர் வாய்ஸ்’ என்றொரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பின்னணி இசை ஓரடி பின்வாங்கி, பேசுபவர் முன்னே வருவார்.

புதுவையின் தமிழ்ப் பகுதி வீடுகளில் இந்தப் பொத்தானின் அருமை இன்னும் கூடுகிறது. 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பாதுகாப்பு விருது பெற்ற வைசியாள் வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரம், திண்ணை, முற்றம், தேக்குத் தூண்கள், வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் மெட்ராஸ் டெரஸ் கூரை. கண்ணுக்கு விருந்து, பேச்சுக்கோ எதிரொலிக் கூடம். கூரையில் ஒலியை மோதவிட்டுத் தலைக்கு மேலே மழை பெய்விக்கும் டால்பி அட்மாஸ் பார்கள் தட்டையான, அதிகம் உயராத கூரையை எதிர்பார்ப்பவை. வரிசையாக உத்தரங்கள் ஓடும் நம் கூரையில் அந்த ஒலி சிதறிப்போகும். நேராக நம் முகத்தைப் பார்த்துப் பேசும் இந்தச் சிறிய பார்தான் இங்கே பொருத்தமானது. எதிரே ஒரு ஜமுக்காளத்தை விரித்து, மேசையின் முன்விளிம்புக்குப் பாரைக் கொஞ்சம் இழுத்துவைத்தால் போதும், சொற்கள் துலங்கும். சுவரை ஒட்டித் தள்ளினால் கீழ்ச்சுருதி தடிக்கும். மூலைக்குப் போனால் இன்னும் தடிக்கும். நாலு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தி அந்தச் சமநிலையைத் தேடுவது, தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதற்குக் கொஞ்சமும் குறையாத இன்பம்.

இணைப்பும் அழகுதான்: எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாக ஒரே ஒரு கம்பி. பழைய தொலைக்காட்சியாக இருந்தால் ஒளியிழைக் கம்பி. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது எதைப் போடுவது? நம் ஊரிலேயே படமாக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் தொடக்கத்தில் பாம்பே ஜெயஸ்ரீ பாடும் தமிழ்த் தாலாட்டைப் போடச் சொல்லுங்கள். 2013இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போன பாட்டு. அடித்தொண்டையிலிருந்து எழும் அந்தக் கனிந்த குரலில் மூச்சும் சுருதியும் ஒன்றோடொன்று இழைந்திருக்கும். கடைக்காரர் ஒலியைக் கூட்டிக் காட்டத்தான் ஆசைப்படுவார். குறைக்கச் சொல்லுங்கள், இன்னும் குறைக்கச் சொல்லுங்கள். வெளியே ஆட்டோக்கள் ஓடும் அந்தச் சத்தத்திலும், குறைந்த ஒலியிலும், ஒவ்வொரு மெய்யும் காதுக்கு எட்டுகிறதென்றால் பில் போடச் சொல்லிவிடலாம்.