பள்ளத்தாக்கில் ஒரு பகல்

ஜான் ஹெர்சி 1943இல் வெளியிட்ட ‘இன்டு த வேலி’, குவாடல்கனால் தீவின் மட்டனிக்காவ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1942 அக்டோபர் 8ஆம் நாள் நிகழ்ந்த சிறுபோரொன்றைக் கூறுவது. அமெரிக்க மரீன் படைப்பிரிவொன்று, மறைந்திருந்த சப்பானியரின் துப்பாக்கிக்கும் சிறுபீரங்கிக்கும் ஆற்றாது பின்வாங்குகின்றது. வாகை சூடுவார் எவருமிலர். எனினும் நூலின் உயிர்நிலை, புண்பட்டோரைச் சுமந்து மீளும் பகுதியிலேயே உள்ளது. செய்தியாளராய் உடன்சென்ற ஆசிரியரும் அச்சுமையைப் பகிர்கின்றார். நடை அடங்கி ஒலிப்பதன் காரணமும் அதுவே போலும். புறங்கொடாமையே வீரம் எனப் பயின்ற நமக்கு, இம்மீட்சி வேறோர் ஆண்மையைக் காட்டுகின்றது.

ஆயின் ஒரு குறை உண்டு. புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார், புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனே நல்லன் என, வென்ற கரிகாலனிடமே கூறினார். ஹெர்சியின் பள்ளத்தாக்கிலோ பகைவனுக்கு முகமே இல்லை. சப்பானியரின் முகங்களை அவர் 1946இல், ‘ஹிரோசிமா’விலேதான் எழுதினார்.