கண்ணாடிமுன் ஒரு முகம்

2024-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்ற 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தைத் தயக்கத்துடனேயே பார்த்தோம். குருதியும் ஆடையற்ற உடலும் மலிந்த படம். குடும்பத்தோடு காணத் தக்கதன்று. ஆயினும் பேசாது விட மனம் வரவில்லை.

பிரெஞ்சு இயக்குநர் கொராலி ஃபார்ஜா எழுதி இயக்கியது. ஐம்பதாம் பிறந்தநாளில் தொலைக்காட்சி வேலையை இழக்கும் எலிசபெத், பச்சை மருந்தொன்றை ஊசியால் ஏற்றிக்கொள்கிறாள். அவள் முதுகைப் பிளந்துகொண்டு இளையவள் ஒருத்தி வெளிவருகிறாள். ஏழு நாள் அவள், ஏழு நாள் இவள் என்பது விதி. இளையவள் விதியை மீற மீற மூத்தவளின் உடல் சிதைகிறது.

வெறும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. மாறுகண்ணுக்கு மருந்தாக 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பொட்டுலினம் நஞ்சு, 2002-இல் புருவங்களிடையே விழும் சுருக்கத்தைப் போக்கவும் ஒப்புதல் பெற்றது. நரம்பின் செய்தி தசையை எட்டாதவாறு தடுப்பதே அதன் வேலை. மூன்று நான்கு மாதங்களில் பயன் தேயும், மீண்டும் ஊசி. (மாறுகண் உற்றோர்க்கு உதவிய மருந்தை நாம் பழிக்கவில்லை.) படத்தின் ஏழு நாள் கணக்கு இந்தத் தவணையின் நிழலே.

படத்தின் உயிர் கண்ணாடிக் காட்சியில் இருக்கிறது. பள்ளித் தோழன் ஒருவனைச் சந்திக்க எலிசபெத் ஒப்பனை செய்கிறாள். வாயில்வரை வந்து திரும்புகிறாள், கழுத்தை மறைக்கிறாள், உதட்டுச் சாயத்தைத் திருத்துகிறாள். இறுதியில் முகம் முழுவதையும் கையால் தேய்த்து அலங்கோலமாக்கிவிட்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். ஊசியுமில்லை, குருதியுமில்லை. 1962-இல் பிறந்த டெமி மூரின் கண்களே பேசுகின்றன.

இதன்பின்தான் நமக்கு இயக்குநரோடு வழக்கு. முதுமையை வெறுக்கும் உலகைச் சாடப் புறப்பட்டவர், தண்டனையாக எதைத் தருகிறார்? கூன், மூட்டு வீக்கம், சுருங்கிய தோல். காலைத் திருப்பலிக்கு ஊன்றுகோலோடு வரும் நம் பாட்டிமாரின் உடல் அன்றோ அது! அதைக் கண்டு நம்மை முகஞ்சுளிக்க வைக்கும்போது, தாம் சாடும் தயாரிப்பாளனின் கண்ணையே நமக்கும் மாட்டிவிடுகிறார். கடைசியில் அரங்கெங்கும் பீறிடும் குருதி வெறும் கூச்சல்.

வேறொரு குறையும் உண்டு. எலிசபெத்துக்குத் தாயில்லை, தோழியில்லை, அண்டை வீட்டாருடன் நட்புமில்லை. அந்தப் பள்ளித் தோழன் ஒருவனே அவளை வியந்து பார்த்தவன். தன் தொலைபேசி எண்ணை எழுதிய தாள் அழுக்கு நீரில் விழுந்தபோதும், அதை எடுத்து அவள் கையில் கொடுத்தவன். அவனுக்குக் கதையில் பின்னர் இடமே இல்லை.