எட்டடி தூரத்தில் 8கே

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பெரிய திரைக்கு மாறலாமா என்ற பேச்சு வீடுகளில் மறுபடி கிளம்பியிருக்கிறது. 43 அங்குலம் வாங்கப் போனவர் 55-ஐ விலை கேட்கிறார். 55 கேட்டவரை விற்பனையாளர் ஷோரூமின் நடுவில் மாட்டியிருக்கும் 8கே திரையின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார். திரையில் பவளப்பாறை மீன்கள் மெல்ல நீந்துகின்றன. செதில் செதிலாகத் தெரிகிறது. பார்ப்பவருக்கு வரும் வியப்பு பொய்யில்லை. ஆனாலும் அதைச் சாட்சியாக ஏற்க எனக்குத் தயக்கம். 8கே-யிலேயே எடுத்த காட்சி, இரண்டடி தூரம், ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்த கடை அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து விளைவித்த வியப்பு அது. பெட்டியோடு இந்த மூன்றும் வீட்டுக்கு வருவதில்லை.

8கே திரையில் அகலவாக்கில் 7680, உயரவாக்கில் 4320 பிக்சல்கள். மொத்தம் ஏறக்குறைய 3.3 கோடி. 4கே-யில் 83 லட்சம்தான். இந்த நான்கு மடங்கைக் கண் வாங்கிக்கொள்ளுமா? நல்ல பார்வை உள்ள கண், பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குள் 60 பிக்சல் வரை பிரித்தறியும் என்பது பழைய கணக்கு. அது குறைவு என்கிறது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு. கறுப்பு வெள்ளை நுணுக்கங்களில் சராசரியாக 94 வரை போகிறதாம். 8கே-க்குச் சாதகமான இந்த எண்ணையே வைத்துக்கொள்வோம். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. எட்டடி தள்ளி உட்கார்ந்தால் முழு எச்.டி.-யில் பாகைக்கு 67 பிக்சல், 4கே-யில் 134, 8கே-யில் 268. எச்.டி. கண்ணின் எல்லைக்குள் நிற்கிறது, 4கே அதைத் தாண்டிவிட்டது. அதற்கும் மேலான பிக்சல்கள் தெரிய வேண்டுமென்றால் சோபாவை ஐந்தரை அடிக்குள் நகர்த்த வேண்டும்.

திரை பெரிதானால் கணக்கு மாறும் என்பார்கள். மாறத்தான் செய்கிறது. 85 அங்குலத்தில், அதே எட்டடியில், 4கே பாகைக்கு 87 பிக்சல்தான் தருகிறது. கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம். அந்த மிச்சத்தின் அளவை 2020-இல் வார்னர் பிரதர்ஸ் 88 அங்குல 8கே திரையில் சோதித்தது. எது 4கே, எது 8கே என்று பார்ப்பவருக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. பெரும்பாலோர் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே மதிப்பிட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்த கூர்மையான பார்வைக்காரர்களுக்கு மட்டும் சிறு வித்தியாசம் தெரிந்தது. அந்தச் சிறு வித்தியாசத்துக்குத்தான் லட்சங்களில் விலை.

கண்ணை விட்டுவிட்டு, திரைக்கு என்ன வந்து சேர்கிறது என்று பார்த்தால் வழக்கு இன்னும் பலவீனமாகிறது. சாதாரண எஸ்.டி. சேனலின் ஒரு சட்டகத்தில் 720க்கு 576 பிக்சல்கள். அதை 8கே திரையில் விரித்தால் 80 பிக்சல்களுக்கு ஒன்றுதான் ஒளிபரப்பிலிருந்து வந்தது. மீதி 79 பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் ஊகம். முழு எச்.டி. என்றால் 16-க்கு 15 ஊகம். 'ஏ.ஐ. அப்ஸ்கேலிங்' என்று விளம்பரம் கொண்டாடுவது இந்த ஊகத்தைத்தான். அது கோடுகளைக் கூராக்கும், இரைச்சலைத் தணிக்கும். கேமரா பதிவு செய்யாத புடவைக் கரையின் நெசவை அதனால் கொண்டுவர முடியாது. தியேட்டருக்கே 2கே-யில் முடித்து அனுப்பப்பட்ட படங்கள் ஏராளம். ஓ.டி.டி.-யிலும் 4கே எல்லோருக்கும் வாய்ப்பதில்லை: நெட்ஃபிளிக்ஸில் அது இந்தியாவில் மாதம் 649 ரூபாய்த் திட்டத்தோடு மட்டுமே வருகிறது. 4கே பெட்டி வாங்கி, கீழ்த் திட்டத்தில் எச்.டி. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தங்களிடம் உள்ளதையே இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை.

எதிர்காலத்துக்காக வாங்கி வைக்கலாம் என்ற வாதத்துக்கு ஜப்பானைத்தான் கேட்க வேண்டும். 8கே-யைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வளர்த்த என்.எச்.கே., 2018 டிசம்பர் 1-இல் அதற்கென்று ஒரு செயற்கைக்கோள் சேனல் தொடங்கியது. தொழில்நுட்பத்தைப் பெற்றெடுத்த நாட்டிலேயே தனியார் சேனல்கள் அதைப் பின்தொடரவில்லை. முப்பரிமாணத் தொலைக்காட்சியும் நினைவுக்கு வருகிறது. 'அவதார்' தந்த உற்சாகத்தில் 2010-இல் கடைகளுக்கு வந்தது. அதே ஆண்டு தொடங்கிய ஈ.எஸ்.பி.என். 3டி சேனல் 2013-இல் மூடப்பட்டது, 2017-இல் எல்.ஜி.யும் சோனியும் அந்த வசதியையே கைவிட்டன. ஒப்பீடு முழுக்கப் பொருந்தாது. கண்ணாடி மாட்டும் தொல்லை 8கே-யில் இல்லை, தலைவலி இல்லை. நிகழ்ச்சி இல்லாத வறட்சி மட்டும் இரண்டுக்கும் பொது. 8கே சேனல் நம் ஊருக்கு வரும் வரை இன்றைய பெட்டியின் செயலிகளுக்கு அப்டேட் கிடைத்துக்கொண்டிருக்கும் என்று நம்பவும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அப்படியானால் புதிய தொழில்நுட்பம் எல்லாமே வீண் ஜம்பமா? இல்லை. எச்.டி.ஆர். காசுக்குத் தகும். பிக்சலின் எண்ணிக்கையைத் தொடாமல், ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு இருளலாம், எவ்வளவு ஒளிரலாம் என்ற வரம்பை அது விரிக்கிறது. இந்த வித்தியாசம் எட்டடியிலும் தெரியும், பன்னிரண்டடியிலும் தெரியும். பழைய தரம் 100 நிட் வெளிச்சத்தை அளவாகக் கொண்டது; எச்.டி.ஆர். படங்களை 1000 நிட் அளவுக்கு மெருகேற்றுவது வழக்கம். விளக்கொளியில் எடுத்த காட்சியில் சுடரும் மின்னும், பின்னால் இருட்டில் நிற்பவரின் முகமும் கரையாது.

இங்கேயும் ஏமாற்று உண்டு. மலிவான பெட்டியின் அட்டையில் 'எச்.டி.ஆர்.' என்றிருந்தால் அந்த சிக்னலை அது வாங்கிக்கொள்ளும் என்பதே பொருள். காட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 300 நிட் பின்விளக்கு திரை முழுக்க ஒரே சீராக எரிந்தால் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் மினி எல்.இ.டி., அல்லது ஒவ்வொரு பிக்சலும் தானே எரிந்து அணையும் ஓ.எல்.இ.டி., இரண்டில் ஒன்று வேண்டும். கறுப்பின் ஆழத்தில் ஓ.எல்.இ.டி.-யை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்து, காலையிலிருந்து செய்திச் சேனலை ஓடவிடும் வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன். சேனல் சின்னம் ஒரே மூலையில் நாளெல்லாம் எரிந்தால் அதன் தடம் திரையில் தங்கிவிடலாம். கனடாவின் ஆர்டிங்ஸ் சோதனைக்கூடம் சி.என்.என். சேனலை மாதக்கணக்கில் ஓடவிட்டு இதைக் காட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்கு மினி எல்.இ.டி.

ஆகவே என் தீர்ப்பு: 55 அல்லது 65 அங்குலத்தில், பகுதி மங்கல் உள்ள 4கே. மிச்சப்படும் பணத்தில் ஒரு சவுண்ட்பார். பெட்டி மெலிந்ததில் ஸ்பீக்கருக்குத்தான் இடம் போயிற்று. 85 அங்குலத்துக்கு மேல், ஆறடிக்குள் உட்கார்ந்து பார்ப்பவர் வேண்டுமானால் 8கே-யைப் பரிசீலிக்கலாம். கடைக்குப் போகும்போது, தெரிந்த படத்தின் இருட்டுக் காட்சி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். ரிமோட்டை வாங்கி 'விவிட்' அமைப்பை அணையுங்கள். படத்தை மெகா சீரியல் போலக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணையுங்கள். எட்டடி பின்னால் நகர்ந்து நின்று, விற்பனையாளரிடம் விலையை அப்போது கேளுங்கள்.